துள்ளும் எலி

ஆராய்ச்சிக்கூடத்தில் அடுத்தடுத்த கூண்டுகளில் இரண்டு சுண்டெலிகள் இருந்தன, அண்ணனும் தம்பியும். மனச்சிதைவு நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பதற்காக, அண்ணனின் மரபணுவைப் பிறக்கும் முன்பே மாற்றியிருந்தார்கள். தம்பி சாதாரண எலி.

தினமும் இருவரையும் பெட்டிக்குள் விட்டுச் சோதிப்பார்கள். முதலில் ‘டிக்’ என்று மெல்லிய சத்தம் கேட்கும். உடனே ‘டமார்’ என்று வெடிக்கும். டிக் கேட்டதுமே தம்பி உஷாராகிவிடுவான்; டமாருக்கு லேசாகத்தான் அசைவான். அண்ணனுக்கோ ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப்போடும்; அதுதான் நோயின் அடையாளம்.

“இதுக்கெல்லாமா பயப்படுவ?” என்று தம்பி சிரிப்பான்.

அண்ணனுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். பத்தாம் நாள் டமார் வெடித்தபோது அண்ணன் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தம்பி திரும்பிப் பார்த்தான். “அண்ணே, பயமா இல்லையா?”

“எதுக்குப் பயம்? சத்தம் அதுபாட்டுக்கு வருது, போகுது.”

“இத்தனை நாளா ரெண்டு பேருக்கும் சேர்த்து நீதானே பயந்த? இனிமே யாரு பயப்படறது?”

அண்ணன் தூங்கிவிட்டான்.

மறுநாள் டிக் சத்தத்துக்கே தம்பி துள்ளினான். டமாருக்குப் பெட்டியின் கூரையில் போய் முட்டினான்.

வெள்ளைக் கோட்டுப் பெண் நோட்டைப் பார்த்தாள், எலிகளைப் பார்த்தாள். “அடடா, சீட்டு மாறிப்போயிருக்கு! நோய் இதுக்குத்தான்” என்று சொல்லி, கூண்டுகளில் ஒட்டியிருந்த சீட்டுகளை இடம் மாற்றி ஒட்டினாள். பிறகு ஊசியோடு தம்பியின் கூண்டைத் திறந்தாள்.

“அண்ணே!” என்று தம்பி அலறினான்.

அண்ணன் மீசையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “இதுக்கெல்லாமா பயப்படுவ?”