வியாழக்கிழமை சந்தேகம்

“சார், நேத்து நடத்தினது புரியல. இன்னொரு தடவை சொல்றீங்களா?”

கடைசி பெஞ்சிலிருந்து டியூப்லைட் எழுந்து நின்றான். வகுப்பே சிரித்தது. எல்லாரும் புரிந்துகொண்டு அடுத்த கணக்குக்குப் போன பிறகும் இவனுக்கு மட்டும் எரியாது என்பதால், இந்த வருஷம் வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது.

கணக்கு வாத்தியார் சாக்பீஸை மேஜைமேல் வைத்தார். வாராவாரம் வியாழக்கிழமை இதே பாட்டுதான். புதன்கிழமை கணக்கு வகுப்பு சாப்பாட்டுக்கு அப்புறம் வரும். பயல் உண்ட மயக்கத்தில் தூங்கிவிட்டு மறுநாள் வந்து கழுத்தை அறுக்கிறான் என்பது அவர் தீர்மானம். ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். பிறகு பெருமூச்சு விட்டபடி போர்டை அழித்து, நேற்றைய பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மூன்றாவது பெஞ்சில் லிஃப்ட்டு அவசர அவசரமாகப் பேனாவைத் திறந்தாள். அவளுக்கு அடித்தது யோகம்.

லிஃப்ட்டு என்பதும் வகுப்பு வைத்த பெயர்தான். செவ்வாயும் புதனும் அவள் பள்ளிக்கு வர மாட்டாள். செவ்வாயில் கணக்கு வகுப்பு கிடையாது, புதன்கிழமை பாடம்தான் தவறிப்போகும். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் தொழில் பழகப் போய்விடுவாள். மெக்கானிக் அக்காவோடு லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்கிக் குப்பை அள்ளுவாள், கதவு ஏன் பாதியில் நிற்கிறது என்று பார்ப்பாள், கிரீஸும் கையுமாக வீடு திரும்புவாள். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்ல இப்போதுதான் பழகிக்கொண்டிருந்தாள். பள்ளி முடிந்ததும் அங்கேயே வேலை. இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கும் என்று அப்பா பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனார்.

ஒரே ஒரு சிக்கல். அரையாண்டுத் தேர்வில் கணக்கு போச்சென்றால், கம்பெனி அத்தோடு அனுப்பிவிடும்.

வருஷ ஆரம்பத்தில் அவளே எழுந்து கேட்டுப் பார்த்தாள். வாத்தியார் பிடிகொடுக்கவில்லை.

“நீ வேலைக்குப் போறது உன் இஷ்டம்மா. வந்து உட்கார்ந்த பிள்ளைக்குப் புரியலேன்னா எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லித் தருவேன். வராதவங்களுக்காக ரெண்டு தடவை பாடம் நடத்த முடியாது.”

அத்தனை பேர் முன்னால் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய் அழுதாள். அதற்குப் பிறகு வகுப்பில் வாயைத் திறக்கவில்லை.

நல்லவேளை, டியூப்லைட் என்று ஒருத்தன் இருந்தான். அவன் மண்டைக்காக வாத்தியார் மறுபடி நடத்துகிறபோது இவளும் எழுதிக்கொண்டாள். ஆனாலும் அவனைப் பார்த்தால் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“வாரம் பூரா கிளாஸ்லதானே உட்கார்ந்திருக்க? அப்படி என்னடா புரியல உனக்கு? அந்த ரெண்டு நாள் எனக்குக் கிடைச்சா நான் எங்கேயோ போயிருப்பேன்.”

“ஏற மாட்டேங்குதே, என்ன பண்றது” என்று தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். இப்படியும் ஒரு ஜென்மமா என்று நினைத்துக்கொண்டாள்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. கணக்கில் தேறிவிட்டாள். மெக்கானிக் அக்கா கிரீஸ் கையோடு கட்டிப்பிடித்ததில் சீருடையில் விழுந்த கறையைக்கூட அவள் துவைக்க மனசில்லாமல் வைத்திருந்தாள்.

அடுத்த வாரம் கம்பெனி வேறு கட்டடத்துக்கு இடம் மாறியது. அதனால் செவ்வாயும் புதனும் அதிசயமாகப் பள்ளிக்கு வந்தாள். வியாழக்கிழமை காலையில் ஒரு பை நிறைய சாக்லேட் வாங்கி வந்தாள். முதல் சாக்லேட் வாத்தியாருக்கு.

“நீங்க மட்டும் ஒவ்வொரு வாரமும் திரும்பச் சொல்லித் தரலேன்னா என் வேலை போயிருக்கும் சார்” என்றாள். உண்மையிலேயே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

“ஒரு வாத்தியாரோட கடமைம்மா அது” என்று வாத்தியார் பெருந்தன்மையாகச் சொன்னார்.

பிறகு பெஞ்சு பெஞ்சாகக் கொடுத்துக்கொண்டு போனாள். கடைசி பெஞ்சை எட்டும்போது பை காலி. “உனக்கு அப்புறம் தர்றேன்டா” என்று டியூப்லைட்டிடம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவன் சரி என்று தலையாட்டினான்.

வாத்தியார் பழக்கதோஷத்தில் போர்டைத் துடைத்துவிட்டுத் திரும்பினார்.

“என்னப்பா, நேத்து நடத்தினதை மறுபடி ஆரம்பிக்கலாமா?”

வகுப்பு சிரிக்கத் தயாரானது. டியூப்லைட் எழுந்து நின்றான்.

“வேண்டாம் சார். புரிஞ்சிடுச்சு.”

“வருஷம் பூரா புதன்கிழமை பாடம் புரியாதவனுக்கு நேத்து மட்டும் எப்படிப்பா புரிஞ்சுது?”

அவன் தலையைச் சொறிந்தான். யார் பக்கமும் பார்க்கவில்லை.

“நேத்து எல்லாரும் வந்திருந்தாங்களே சார்.”