மூன்று நாள் வெளிச்சம்

சாரங்கோட் குன்றில் தில்குமாரியின் டீக்கடைக்கு எதிரே உட்கார்ந்து, கடைக்குப் பின்னால் தெரியும் மச்சபுச்சரே மலையை மூன்று நாளாக வரைந்துகொண்டிருந்தான் காத்மாண்டு ஓவியன் பிரஜ்வல். செல்ஃபி எடுத்துவிட்டு ஓடுகிற கூட்டத்தில் மலையை நின்று பார்த்தவன் இவன் ஒருவன்தான் என்று, அவனிடம் அவள் டீக்குக் காசு வாங்கவில்லை.

“தீதி, முதல் வெயில் எப்ப விழும்?”

“அஞ்சரைக்கு, பாபு. முதல்ல ரோஸ், அப்புறம் தங்கம். என் கடையும் படத்துல வருமா?”

“உங்க இடந்தான் தீதி படமே! கெட்டிலைத் தள்ளிப் பிடிங்க. வாட்டர்கலர், தண்ணி பட்டா கரைஞ்சிடும்.”

கடைசி நாள் மாலை, படம் முடிந்ததும் எட்டிப் பார்த்தாள். ஏழு மாடிக் கட்டடம். அதன் தலைக்கு மேல், ரோஸ் நிறத்தில் மலையின் நுனி.

“கடை எங்க, பாபு?”

“அங்கதான் ஓட்டல் வருது. நிலத்துக்காரர் சொல்லலையா? எந்த ஜன்னல்ல எப்ப வெளிச்சம் வரும்னு படத்துல காட்டச் சொன்னாரு ஓட்டல் முதலாளி. நீங்க சொன்னது ரொம்ப உதவியா இருந்துச்சு.”

தில்குமாரி கெட்டிலை எடுத்தாள்.

“தண்ணி பட்டா கரைஞ்சிடும்னுதானே சொன்ன?” என்று கேட்டபடி, ஏழாவது மாடியிலிருந்து ஊற்றத் தொடங்கினாள்.