துரை குதிரைக் கல்

குருசாமி வாயைத் திறந்தாலே பொய்தான் என்று லோகேஷ் முடிவு கட்டி ஒரு வருடம் ஆகிறது.

இருவரும் கேரள மலையில், உடும்பஞ்சோலைப் பக்கம் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவர்கள். ஓட்டிக்கொண்டே ஊர்ச் சரித்திரம் சொல்வதும் அவர்கள் வேலைதான். மலையுச்சிக்குப் போகிற வழியில், தேயிலைக்கு நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு கருங்கல் நிற்கும். குருசாமி அங்கே ஜீப்பை நிறுத்துவார். செருப்பைக் கழற்றிவிட்டு, பயபக்தியோடு கிட்டே போவார்.

"இதாங்க துரையோட வெள்ளக் குதிரையப் பொதச்ச எடம்."

குதிரை எப்படிச் செத்தது என்பது வண்டியில் வந்திருப்பவர்களைப் பொறுத்தது. குழந்தைகள் இருந்தால் சிறுத்தையோடு சண்டை போட்டுச் செத்தது. தேனிலவு ஜோடி என்றால் துணையைப் பிரிந்த ஏக்கத்தில் செத்தது. ஒருமுறை ரிட்டயர்டு வாத்தியார்கள் கூட்டமாக வந்தபோது, அது கடமையைச் செய்துகொண்டிருக்கும்போதே செத்தது. எல்லோரும் கல்லோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

லோகேஷுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் இந்தத் தோட்டத்து ஆள் இல்லை, சக்குபள்ளத்துக்காரன், சரித்திரத்தில் பட்டம் வாங்கியவன். தன் வண்டியில் வருகிறவர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்வான். போடியிலிருந்து தலைச்சுமையோடு மலையேறி வந்து இந்தத் தோட்டங்களை உண்டாக்கினவர்களைப் பற்றி மனம் உருகச் சொல்வான். அவர்கள் கொட்டாவி விட்டுவிட்டு, குதிரைக் கல்லறை எப்போது வரும் என்று கேட்பார்கள்.

எஸ்டேட் ஆபீஸ் சுவரில் அந்த வெள்ளைக்காரத் துரையின் படம் தொங்குகிறது. மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். குதிரை வளர்த்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. தொழிலாளர் குடியிருப்பில் விசாரித்தால், "அத குருசாமியண்ணன்ட்டயே கேளுங்க" என்று நழுவினார்கள்.

இந்த நிலையில்தான் உச்சிக்குப் போகும் பாதையை அகலப்படுத்த எஸ்டேட் முடிவு செய்தது. கல் சரியாகக் குறுக்கே நின்றது. புதிதாக வந்த மலையாளி மேனேஜர் ஜிபி, லோகேஷைக் கூப்பிட்டு விசாரித்தார். நிஜமாகவே துரையின் குதிரை என்றால் பாதையை வளைத்துவிட்டு, கல்லுக்கு வேலியும் பலகையும் வைக்கலாம். இல்லையென்றால் பெயர்த்துப் போட்டுவிடலாம். படித்தவன் நீதான், நாளைக் காலையில் இடத்துக்கே வந்து சொல் என்றார்.

லோகேஷ் நேரே குருசாமியிடம் போனான். முதுகுக்குப் பின்னால் செய்ய அவனுக்கு மனம் வரவில்லை.

"நாளைக்கு நான் உள்ளதச் சொல்லிருவேன்ணே. குதிரையும் இல்ல, கழுதையும் இல்லன்னு."

குருசாமி ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"உள்ளதுன்னா சொல்லத்தான வேணும் தம்பி" என்றார்.

அவர் கெஞ்சுவார், நாலு நியாயம் கேட்கலாம் என்று வந்த லோகேஷுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் சாரல். ஜேசிபி வந்து உறுமிக்கொண்டு நின்றது. புல்லுக்குள் அட்டை இருக்கும் என்று ஜிபி குடையோடு பாதையிலேயே நின்றுகொண்டார். லோகேஷ் முழங்கால் வரைக்கும் பூட்ஸ் மாட்டி வந்திருந்தான்.

குருசாமி முன்பே வந்து, கல்லுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். செருப்பு அந்தப் பக்கம் ஜீப்புக்கு அடியில் கிடந்தது. வெறும் காலில் அட்டைகள் ஏறியிருந்தன. கணுக்காலில் ரத்தம் மழைத் தண்ணீரோடு வழிந்தது. அவர் குனிந்து தட்டிவிடக்கூட இல்லை.

லோகேஷ் சுற்றும் முற்றும் பார்த்தான். ஒரு டூரிஸ்ட்கூட இல்லை. வேடிக்கை பார்க்க ஆளில்லாத இடத்தில் இந்த மனுஷன் எதற்காகச் செருப்பைக் கழற்றினார் என்று யோசித்தான். குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான்.

"எந்தா லோகேஷே, குதிரையா, இல்லையா?" என்றார் ஜிபி.

"குதிரைதான் சார்."

"உறப்பாணோ?"

"உறுதியாச் சொல்றேன் சார். வெள்ளக் குதிரை."

பொய் இவ்வளவு சரளமாகத் தனக்கு வரும் என்று லோகேஷுக்கே அன்றுதான் தெரிந்தது.

பலகையில் எழுத வேண்டும் என்று குதிரையின் பெயரைக் கேட்டார் ஜிபி. லோகேஷ் குருசாமியைப் பார்த்தான். குருசாமி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"முத்துப்பேச்சி."

வெள்ளைக்காரன் தன் குதிரைக்குத் தமிழ்ப் பெயரா வைத்தான் என்று ஜிபி சந்தேகப்பட்டார்.

"துரை நல்லாத் தமிழ் பேசுவாரு சார்" என்றான் லோகேஷ்.

ஜிபி பெயரைப் போனில் குறித்துக்கொண்டார். நம் சரித்திரத்தை நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று இருவருக்கும் புத்தி சொன்னார். பாதையை வளைக்கும்படி ஜேசிபிக்காரருக்குக் கை காட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்.

லோகேஷ் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கல்லுக்குக் கிட்டே போனான்.

"யாருண்ணே இது?"

"எங்கம்மா."

குருசாமி கல்லின் தலையில் ஒட்டியிருந்த தேயிலைச் சருகைத் தட்டிவிட்டார்.

"முன்னால ரோடு போட வந்தப்ப இங்க வரிசையா கல்லு நின்னுச்சு தம்பி. இத மட்டும் துரையோட குதிரைன்னு நான் பொய் சொன்னேன். மத்ததெல்லாம் எங்க ஆளுகளப் பொதச்ச எடம்னு உள்ளதச் சொன்னோம். அதுல ஒண்ணுகூட மிஞ்சல."