டீச்சருக்கு எந்தக் கலர்?

"பச்சையைக் காட்டும்மா... இல்ல இல்ல, அந்த மயில்கழுத்துக் கலரை எடு! டீச்சருக்கு எடுக்குறோம், பளிச்சுனு இருக்க வேணாமா?"

ஜெயங்கொண்டம் கடைவீதியில் இருந்த அந்த ஜவுளிக்கடையில் ராஜவேலின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. கத்தாரில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு நேற்றுக் காலைதான் திருச்சியில் வந்து இறங்கியிருந்தான். கொண்டுவந்த பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. அதற்குள் மனைவி பூவிழியையும் மகள் கவியாவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். நாளை திங்கட்கிழமையோடு கவியாவுக்கு மூன்றாம் வகுப்பு முடிகிறது. அதற்குள் அவளுடைய டீச்சருக்கு ஏதாவது செய்தாக வேண்டும்.

"ஏங்க, இவ்ளோ வெலையில எதுக்கு? ஒரு பேனா வாங்கிக் குடுத்தாப் போதாதா?" பூவிழி சேலையைத் தொடாமலே கேட்டாள்.

"பேனாவா? நல்லாருக்கே! நேத்து கார்ல வரும்போது பாத்தேல்ல? திருச்சிலேருந்து நம்ம ஊரு வரைக்கும் ஒரு போர்டு விடலையே இவ! தமிழு, இங்கிலீசு எல்லாத்தையும் சத்தமாப் படிச்சிக்கிட்டே வர்றா. டிரைவரே அசந்துட்டாரு. நான் போறப்போ ரெண்டு எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெணறுன புள்ள!"

"எல்லாம் எங்க மிஸ்தாம்ப்பா" என்றாள் கவியா. அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை, குதித்துக்கொண்டே இருந்தாள். "இந்த வருஷந்தான் புதுசா வந்தாங்க. படிக்கலைன்னா அடிக்கவே மாட்டாங்க. பக்கத்துல உக்காந்து, வர்ற வரைக்கும் சொல்லித் தருவாங்க."

"கேட்டுக்க! இந்த டீச்சருக்குப் போயி பேனாங்கிறே."

"என்னமோ பண்ணுங்க." பூவிழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ராஜவேலுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அடுத்த பெண்ணைப் பற்றிப் புகழ்ந்து பேசினால் எந்தப் பொண்டாட்டிக்குத்தான் பொறுக்கும்?

"டீச்சர் என்ன நெறம்ணே? செவப்பா, மாநெறமா?" என்று கேட்டாள் கடையில் வேலை பார்க்கும் சாந்தா.

ராஜவேல் மகளைப் பார்த்தான்.

"மாநெறம். நல்ல ஒசரம்" என்றாள் கவியா.

"அப்ப அக்கா மேல போட்டே பாத்துரலாம்." சாந்தா மயில்கழுத்துச் சேலையைப் பூவிழியின் தோளில் விரித்தாள்.

கவியா உதட்டைப் பிதுக்கினாள். அடுத்து கத்திரிப்பூ. அதுவும் இல்லை. கிளிப்பச்சைக்குத் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். மஞ்சள் கரை போட்ட அரக்குச் சேலை தோளில் விழுந்ததும் கைதட்டினாள்.

"இதான்! எங்க மிஸ்ஸுக்கு இதான்!"

பூவிழி கண்ணாடியில் ஒரு நிமிஷம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்று முணுமுணுத்தாள்.

"நீயே சொல்லிட்டியா? இதையே பில் போடும்மா! ஆமா, உனக்கும் ஒண்ணு எடுத்துக்க பூவிழி."

"எனக்கு வேணாங்க. இதுவே போதும்."

கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் ராஜவேல்.

வீட்டுக்குத் திரும்பும்போதும் அவன் வாய் ஓயவில்லை. "வூட்டையும் பாத்துக்கிட்டு, நம்ம புள்ளைக்கும் இவ்ளோ செய்யிறாங்கன்னா சும்மாவா? அந்த டீச்சர் வூட்டுக்காரரு பெரிய மனுசனாத்தான் இருக்கணும். பொண்டாட்டி படிச்ச படிப்பு வீணாப் போவக் கூடாதுன்னு அனுப்பி வச்சிருக்காரு பாரு!"

பின்னால் உட்கார்ந்திருந்த பூவிழி சேலைப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "நாளைக்கு அவங்ககிட்டயே இதைச் சொல்லுங்க" என்றாள்.

"சொல்லத்தான் போறேன்!"

மறுநாள் காலை எட்டு மணிக்கே பூவிழி கிளம்பிவிட்டாள். "மகளிர் குழுக் கூட்டம் இருக்கு. நீங்க கவியாவைக் கூட்டிக்கிட்டு ஒம்பது மணிக்கு ஸ்கூலுக்குப் போங்க."

ராஜவேல் இஸ்திரி போட்ட சட்டையில் வெளிநாட்டு சென்ட் அடித்துக்கொண்டான். டீச்சரிடம் பேச வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். பள்ளிக்கூட வாசலில் பைக்கை நிறுத்தியதும் கவியா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

வகுப்பில் ஒரே இரைச்சல். டீச்சரின் மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் ரோஜாப்பூ, ஒருவன் கையில் சாக்லேட் டப்பா, இன்னொருவன் தங்கள் தோப்பில் காய்த்த முந்திரியை மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"மிஸ்! எங்கப்பா வந்துட்டாங்க!"

கவியா போட்ட சத்தத்தில் கூட்டம் விலகியது. டீச்சர் எழுந்து நின்றாள்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததில் ஒரு வார்த்தைகூட ராஜவேலின் வாயில் வரவில்லை. நின்றான். பிள்ளைகள் எல்லாம் அவன் முகத்தையே பார்க்கும்வரை அப்படியே நின்றான். பிறகு சேலைப் பையை இரண்டு கைகளாலும் நீட்டினான்.

"என்னை மன்னிச்சிருங்க டீச்சர்."

"அதெல்லாம் எதுக்கு? மொதல்ல உக்காருங்க சார்" என்றபடி பையை வாங்கிக்கொண்டாள், 'சம்பாதிக்க நான் இருக்கேன், பி.எட். படிச்சதெல்லாம் போதும், வூட்டுல கெட' என்று இரண்டு வருஷத்துக்கு முன் அவன் சண்டை போட்டுவிட்டு விமானம் ஏறியபோது அழுதுகொண்டு நின்ற பூவிழி.