ஐஸ் கம்பெனி சங்கு

"இத ரிப்பேர் பண்ண முடியாது சார்," என்றார் தண்டபாணி, சங்குக்குக் கரண்ட் போகும் இரும்புப் பெட்டியைத் திறக்காமலே.

மூன்றாவது முறையாக அதையே சொல்கிறார்.

அர்ஜுன் விடுவதாக இல்லை. சனிக்கிழமை அவனுடைய டான்ஸ் கிளப் திறப்பு. எட்டு மணிக்குக் கூரைமேல் இருக்கும் பழைய சங்கு ஊத வேண்டும், அதோடு பாட்டு தொடங்க வேண்டும். காசிமேட்டு ஐஸ் கம்பெனிக்குள் ஆடுகிறோம் என்பது வருகிறவர்களுக்கு உறைக்க வேண்டாமா?

கூரைமேல் மோட்டாரைத் துடைத்து எண்ணெய் போட்டாகிவிட்டது. பெட்டியை மட்டும் யாரும் உடைக்கக் கூடாது என்று சொல்லி, கம்பெனியின் பழைய எலக்ட்ரீஷியன் தண்டபாணியை எர்ணாவூரிலிருந்து காரில் அழைத்து வந்திருந்தான்.

உள்ளே எல்லாம் மாறியிருந்தது. கம்ப்ரஸர் நின்ற மேடையில் பாட்டுப் போடுகிறவருக்கு மேசை. ஐஸ் அச்சுகள் முங்கிக் கிடந்த உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கண்ணாடித் தரை. வாசல் சுவரில் கட்டடத்தின் வரலாறு. ஒரு நாளைக்கு எத்தனை படகுக்கு ஐஸ் போனது என்பதுவரை இருந்தது.

கசிவைப் பற்றி ஒரு வரி இல்லை.

கண்ணாடித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த சிலுவையம்மாள் நிமிர்ந்தாள். எதிர்ச்சந்தில்தான் வீடு. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அம்மோனியா கசிந்த பகலில், பின்கட்டுக் குளிர் அறையில் ஐஸ் அடுக்கிக்கொண்டிருந்த லூயிஸ் அவள் கணவன்.

சங்கு விட்டுவிட்டு ஊதினால் போட்டது போட்டபடி ஓட வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். முன்கட்டுக்காரர்கள் நெடி ஏறியதும் ஓடிவிட்டார்கள். பின்கட்டுக்கு அந்தச் சத்தம் போனால்தான் உண்டு.

அன்று சங்கு ஊதவில்லை. லூயிஸ் வெளியே வரவில்லை. பழுது என்று தண்டபாணி எழுதிக் கொடுத்தார். விசாரிக்க வந்தவர்கள் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னா நைனா, அன்னிக்கும் முடியாதுன்ன, இன்னிக்கும் முடியாதுன்ற. இன்னாதான் கரண்ட்டு வேலை கத்துகினியோ!" என்று சிரித்தாள். பிறகு துணியைப் பிழிந்தபடி, "ஒரு தபா அது ஊதி நான் கேக்கணும். அவ்ளோதான்," என்றாள்.

அர்ஜுன் செல்போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

தண்டபாணி பெட்டியைத் திறந்தார். துருப்பிடித்த கதவு முனகியது.

மூன்று ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன.

அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே பீங்கான் ஃபியூஸ் கட்டை. நான்கு வாடகை வீடு மாறியபோதும் கூடவே வந்தது. காலையில் அதை எதற்குப் பையில் போட்டுக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது.

'ஊதிடாதே, கூட்டம் கூடிடும், கசிவை நாமே அடைச்சுடலாம்' என்று அன்று முதலாளி சொன்னதும் அவர் உருவி வைத்த கட்டை அது.

செருகினார். நேற்றுத்தான் கழற்றியது போல உட்கார்ந்தது.

சிலுவையம்மாளின் கையில் துணி அப்படியே நின்றது. அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. அவருடைய சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறந்தாள்.

அவர் சங்கின் பொத்தானை அழுத்தினார்.

கண்ணாடித் தரை அதிர்ந்தது. எதிர்ச்சந்தில் ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி வந்து நின்றாள். அர்ஜுன் குதித்தான், கட்டைவிரலை உயர்த்தினான், கொஞ்ச நேரம் கழித்து, போதும் என்று கையசைத்தான். சிலுவையம்மாள் கிட்டே வந்துவிட்டாள். அவள் உதடுகள் அசைந்தன.

சங்கு ஊதும்வரைதான் எதுவும் காதில் விழாது.

தண்டபாணி விரலை எடுக்கவில்லை.