கடையை வாங்க வந்தவர்

“மருந்துக்கடை நடத்தின அனுபவம் உண்டா?”

“கத்துக்குவேன் சார்” என்றார் எதிரே உட்கார்ந்திருந்தவர்.

வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையத்தின் அதிகாரிக்கு அலுத்துப்போயிற்று. இரண்டு மருந்துக்கடை நிறுவனங்கள் ஒன்றாகச் சேர அனுமதி கேட்டிருந்தன. இந்த ஊரில் இருப்பதே அந்த இரண்டின் கடைகள்தான். ஒரே கைக்குப் போனால் அவர்கள் வைத்ததுதான் விலை. அதனால் ஒரு கடையை வெளியாளுக்கு விற்றாக வேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டிருந்தார். வெளியாள் என்று வந்து நிற்பவர் இவர் ஒருவர்தான்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பினாமி! போன ஊரில் முதலாளியின் மைத்துனனை அனுப்பினார்கள், அதற்கு முன்னால் சமையல்காரரை. தெரிந்து என்ன பிரயோசனம்? மேலிடத்தில் ஆதாரம் கேட்பார்கள். அதற்கு எங்கே போவது?

“விலையைக் குறைச்சு அவங்களோட மல்லுக்கட்டுவீங்களா?”

“கட்டுவேன் சார். என் சம்சாரம் தினம் மாத்திரையில ஓடுறவ. விலை ஏறினா வீடு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?”

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அதிகாரி மனதுக்குள் நொந்துகொண்டார்.

“பத்திரம் உங்க பேர்லதான் இருக்கு. நான் ஒப்புதல் கையெழுத்துப் போட்டா கடை உங்களோடது. பத்து வருஷத்துக்குப் பழையவங்களுக்குத் திருப்பித் தர முடியாது, புரியுதா?”

வந்தவர் நிமிர்ந்தார். “அவங்களே கேட்டாலுமா சார்?”

“கேட்டாலும்தான்.”

“கழுத்தைப் பிடிச்சாலும்?”

“ஆமாய்யா, ஆமாம்! சட்டம்னா சட்டம்தான்.”

அதைக் கேட்டுத்தான் ஆள் மிரண்டுவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தபடி அதிகாரி கையெழுத்தைப் போட்டார், முத்திரையைக் குத்தினார். கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். இந்த ஊர் ஜனங்களின் தலையெழுத்து, வேறென்ன சொல்ல?

வந்தவரின் செல்போன் அலறியது.

“என்னடா, முடிஞ்சுதா? வண்டியை எடுத்துக்கிட்டு சீக்கிரம் வா. நான் வெளியில போகணும்!” இரண்டில் பெரிய நிறுவனத்தின் முதலாளியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

டிரைவர்! அதிகாரிக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

“முடிஞ்சுது முதலாளி. சாவியை வாட்ச்மேன்கிட்ட கொடுத்துடுறேன், நீங்க வேற டிரைவர் பார்த்துக்குங்க” என்றபடி எழுந்தார் அவர். “மாத்திரை விலையை இன்னைக்கே குறைச்சாகணும், என் கடையில எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு.”