கட்டில் கால்

ஏற்காடு கடைவீதியின் பனி வெல்டிங் பட்டறைக்குள்ளும் வந்து நிற்கிறது. நாய்க்கென்று செய்த இரும்புக் கட்டிலின் நைலான் பட்டையைப் பிலோமினா உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கிறாள். "மழையில கெடந்தாலும் ஒண்ணும் ஆவாதுங்க. எந்த நாய் கடிச்சாலும் பிய்யாதுங்க," என்கிறார் பட்டறைக்காரர் குழந்தைவேல். "இதுக்குப் பல்லே இல்லீங்க. ஊட்டுக்குள்ள கூப்பிட்டா வராம ஈரத்துலயே கெடக்குது," என்கிறாள். அவள் காலடியில் நிற்கும் வயதான நாய் ரோஸி கட்டில்மேல் முன்னங்கால்களை வைக்கிறது. பின்னங்கால்கள் நடுங்குகின்றனவே தவிர எழும்பவில்லை. "கட்டில் காலைக் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க." குழந்தைவேல் அறுக்கும் மெஷினை ஓடவிடுகிறார். அந்த அலறலில் ரோஸி அவள் புடவைக்குள் முகம் புதைக்கிறது. மெஷின் நிற்கிறது. ஆணியில் தொங்கும் கை ரம்பத்தை எடுத்துக்கொண்டு அவர் தரையில் சம்மணமிடுகிறார். "கொஞ்சம் நேரமாவும், பொறுத்துக்க சாமி," என்கிறார், நாயைப் பார்த்து.